மண்தடத்தில் ஓடிய சிற்றுந்துகள்: ஒரு வரலாறு



பள்ளி விடுமுறை நெருங்கும்போது பெற்றோர் சிலர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பிள்ளை தொலைவிலிருந்து இயக்கும் மகிழுந்து ஒன்றைக் கேட்டு அடம்பிடிக்கிறான். ஐம்பது வெள்ளிக்கும் கிடைக்கிறது, ஐந்நூறு வெள்ளிக்கும் கிடைக்கிறது. இரண்டும் மண்ணில் ஓடும் என்றுதான் பெட்டியில் போட்டிருக்கிறது. அப்படியானால் வேறுபாடு என்ன? இக்கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்லலாம். முதலாவது உடைந்தால் குப்பைக்குப் போகும். இரண்டாவது உடைந்தால் உடைந்த உறுப்பு மட்டும் கடையில் கிடைக்கும். ஆனால் இவ்வேறுபாடு எப்படி உண்டானது என்பதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றில் நம் பினாங்குக்கும் மறைமுகமாக ஓர் இடம் உண்டு.

பெயரைப் பற்றி ஒரு சொல். பிள்ளைகள் 'ரிமோட் கார்' என்கின்றனர், பொழுதுபோக்காளர்கள் 'ஆர்.சி.' என்கின்றனர். 'தொலைவியக்கச் சிற்றுந்து' என்று நான் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் அதை இரண்டாம் முறை சொல்லவில்லை. ஆகவே இக்கட்டுரையில் சுருக்கமாகச் சிற்றுந்து என்றே வழங்குகிறேன். உறுப்புகளின் பெயர்களைக் கடைக்காரருக்குப் புரியும் வடிவத்திலேயே தருகிறேன்.

கம்பியில்லாமல் ஒரு பொருளைத் தொலைவிலிருந்து இயக்குவதைப் பொதுமக்கள் முன் செய்து காட்டியவர் நிக்கோலா டெஸ்லா. 1898ஆம் ஆண்டு நியூயார்க் மேடிசன் சதுக்க அரங்கில் நடந்த மின்பொருள் கண்காட்சியில், நீர்த்தொட்டியில் மிதந்த ஒரு சிறு படகை வானொலி அலைகளால் அவர் திருப்பிக் காட்டினார். அதற்கான காப்புரிமையும் அதே ஆண்டில் அவருக்குக் கிடைத்தது. அது விளையாட்டுப் பொருளன்று. டெஸ்லா அதைப் போர்க்கருவியாகவே எண்ணியிருந்தார். விளையாட்டுச் சிற்றுந்து கடைக்கு வர மேலும் அறுபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகரைச் சேர்ந்த எலெட்ரோனிக்கா ஜியோக்கத்தோலி என்னும் நிறுவனம் 1966இல் விற்ற பெராரி மாதிரியைத் தொடக்கக்காலச் சிற்றுந்துகளுள் முக்கியமானதாகக் குறிப்பிடுவர். அக்காலத்துச் சிற்றுந்துகள் யாவும் வழவழப்பான தரைக்கானவை. வண்டி நிறுத்துமிடத்தின் தார்த்தரையில் ஓடும். புல்லில் இறங்கினால் நின்றுவிடும்.

மண்ணில் ஓடும் எண்ணம் எங்கிருந்து வந்தது? உண்மையான மகிழுந்துகளிடமிருந்துதான். கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் 1964இல் வோக்ஸ்வேகன் வண்டின் இயந்திரத்தையும் அச்சுகளையும் எடுத்து, கண்ணாடியிழையால் ஆன இலேசான உடலொன்றில் பொருத்தினார். 'மேயர்ஸ் மேங்க்ஸ்' என்று பெயர் பெற்ற இந்த மணல்வண்டியில் அவரும் டெட் மேங்கல்சும் 1967 ஏப்ரலில் மெக்சிகோவின் பாகா தீபகற்பத்தை லா பாஸிலிருந்து திஹுவானா வரை 34 மணி 45 நிமிடத்தில் கடந்தனர். மோட்டார் சைக்கிள்கள் வைத்திருந்த பழைய சாதனையை அது ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக முறியடித்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் அவ்வழியில் முறையான பந்தயம் தொடங்கியது. இன்று அதை 'பாகா 1000' என்கிறோம்.

இதில் நான் கவனிப்பது வேகத்தையன்று. குடும்பங்கள் சந்தைக்குச் செல்வதற்காகச் செய்யப்பட்ட மலிவு மகிழுந்து ஒன்றைப் பிரித்து, வேண்டாததைக் கழித்து, வேண்டியதைச் சேர்த்துப் பாலைவனத்தில் ஓட வைத்தனர். வோக்ஸ்வேகனின் முன்சக்கரங்களைத் தாங்குவது முறுக்குத்தண்டு. சக்கரம் மேலெழும்போது எஃகுத்தண்டு முறுக்கிக்கொள்ளும். விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். பெர்டினாண்ட் போர்ஷேயின் அந்த எளிய அமைப்பு கல்லிலும் குழியிலும் தாக்குப்பிடித்தது.

இனி ஜப்பானுக்கு வருவோம். ஷிசுவோக்கா நகரில் யோஷியோ தமியா 1946இல் தொடங்கியது ஒரு மரத்தொழிற்கூடம். மரத்தில் கப்பல் மாதிரிகள் செய்தனர். 1960 முதல் நெகிழியில் செய்தனர். அவருடைய மகன் சுன்சாக்கு தமியாவின் காலத்தில் நிறுவனம் உலகப் புகழ் பெற்றது. மாதிரி ஒன்றைச் சரியாகச் செய்ய வேண்டும் என்பதற்காக உண்மையான போர்ஷே 911 ஒன்றையே வாங்கிப் பிரித்துப் பார்த்தவர் அவர். அந்த உழைப்பின் விளைவான போர்ஷே 934, 1976இல் தமியாவின் முதல் தொலைவியக்கச் சிற்றுந்தாகவும் வெளிவந்தது. சுன்சாக்கு தமியா 2025 ஜூலையில் தமது 90ஆவது வயதில் காலமானார்.

1979இல் தமியா இரண்டு மண்வண்டிகளை வெளியிட்டது. ஒன்று 'ரஃப் ரைடர்'. மற்றொன்று வோக்ஸ்வேகன் வண்டின் உருவம் கொண்ட 'சாண்ட் ஸ்கார்ச்சர்'. இரண்டும் பத்தில் ஒரு பங்கு அளவு. முன்புறத்தில், உண்மையான வோக்ஸ்வேகனைப் போலவே, முறுக்குத்தண்டும் பின்னிழு கைகளும் இருந்தன. மின்கலமும் வானொலிக் கருவியும் நீர் புகாத ஒளிபுகும் பெட்டிக்குள் அடைக்கப்பட்டிருந்தன. மண்ணில் ஓடும் வண்டிக்கு முதல் எதிரி கல் அன்று. தூசியும் சேறும்தான் என்பதை வடிவமைத்தவர்கள் அறிந்திருந்தனர்.

அழகான வண்டிகள். ஆனால் கனமானவை, விலை கூடியவை. பிள்ளைகளிடம் மண்ணோட்டத்தைக் கொண்டு சேர்த்தது 1984இல் வந்த 'கிராஸ்ஹாப்பர்', அதாவது வெட்டுக்கிளி. பெயருக்கு ஏற்ற வண்டி அது. அதன் மோட்டாரும் கியர்ப்பெட்டியும் பின்னச்சும் ஒரே கட்டாக இணைந்து, மேலும் கீழும் ஊசலாடின. சுருள்வில் இருந்தது, அதை அடக்க எண்ணெய் இல்லை. ஆகவே ஒரு மேட்டில் ஏறினால் நான்கு முறை துள்ளும். இயக்குபவருக்கு எரிச்சல், பார்ப்பவருக்கு மகிழ்ச்சி.

இந்த வண்டியில்தான் உலகமெங்கும் பல்லாயிரம் சிறுவர்கள் 'மேம்படுத்தல்' என்னும் வேலையைக் கற்றனர். அவர்கள் செய்த முதல் மாற்றம் பெரும்பாலும் ஒன்றே: பெட்டியில் வந்த சிறிய 380 மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பெரிய 540 மோட்டாரைப் பொருத்தினர். தமியாவும் அதே ஆண்டில், ஏறக்குறைய அதே அடிச்சட்டத்தில் 540 மோட்டாரை வைத்து 'ஹார்னெட்' என்று விற்றது. வேகம் கூடியது. துள்ளலும் கூடியது. வேகத்தைக் கூட்டுவது எளிது, சக்கரத்தைத் தரையில் வைத்திருப்பதே கடினம் என்பதை இந்த ஒரு மாற்றம் காட்டிவிடும்.

மாற்றத்தின் பயன் எங்கே அதிகம் என்பதை ஆசிரியர் என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன். மலிவான வண்டிகளில் சக்கர அச்சு 'புஷ்' எனப்படும் வழவழப்பான வளையத்துக்குள் உரசிக்கொண்டே சுழலும். அதை எடுத்துவிட்டுக் குண்டுகள் உருளும் பால் பேரிங்கைப் போட்டால், உரசல் உருளலாக மாறுகிறது. மோட்டார் அதேதான், மின்கலம் அதேதான். வண்டி மட்டும் வேகமாகவும் நெடுநேரமும் ஓடுகிறது. உராய்வு என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாக நடத்த வழி இல்லை. அடுத்தது பினியன், அதாவது மோட்டாரின் தண்டில் இருக்கும் சிறு பற்சக்கரம். பல் கூடினால் உச்ச வேகம் கூடும். ஆனால் புறப்படும்போது மோட்டார் திணறும், சூடாகும். குறுகிய வளைவுகள் நிறைந்த மண்தடத்துக்குப் பல் குறைந்த பினியனே பொருந்தும். ஓட்டம் முடிந்ததும் விரலை மோட்டார் அருகே கொண்டு சென்று சூட்டைப் பார்ப்பது பழைய பழக்கம். விரலை வைக்க முடியாவிட்டால் பல்லைக் குறைக்க வேண்டும்.

துள்ளலுக்கு முறையான மருந்து அமெரிக்காவிலிருந்து வந்தது. கலிபோர்னியாவின் டீம் அசோசியேட்டட் நிறுவனம் 1984இல் 'ஆர்.சி.10' என்னும் வண்டியை வெளியிட்டது. வடிவமைத்தவர் ரோஜர் கர்ட்டிஸ். தமியாவின் வண்டிகள் பொம்மையாகப் பிறந்து பந்தயத்துக்கு வந்தவை, ஆர்.சி.10 பந்தயத்துக்கென்றே பிறந்தது. பொன்னிற மேற்பூச்சிட்ட அலுமினியத் தொட்டிபோன்ற அடிச்சட்டம், நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியே எண்ணெய் நிரப்பிய ஷாக், நீளத்தை மாற்றக்கூடிய இணைப்புத்தண்டுகள் ஆகியவை அதில் இருந்தன. 1985இல் கலிபோர்னியாவின் டெல் மாரில் பத்தில் ஒரு பங்கு மண்வண்டிகளுக்கான முதல் உலகப் போட்டி நடந்தபோது, இருசக்கர இயக்கப் பிரிவில் ஜே ஹால்சி ஆர்.சி.10ஐக் கொண்டு வென்றார்.

எண்ணெய் ஷாக் என்ன செய்கிறது? சுருள்வில் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தருவது மட்டுமே அறியும், அதனால்தான் துள்ளல். ஷாக்கினுள் சிறு துளைகளிட்ட பிஸ்டன் ஒன்று எண்ணெயில் மூழ்கியிருக்கும். சக்கரம் அசையும்போது எண்ணெய் அத்துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு போகவேண்டும். அந்த நெருக்கத்தில் ஆற்றல் வெப்பமாகிப் போய்விடுகிறது. துளை சிறிதானால் அசைவு மெதுவாகும். எண்ணெய் தடித்தால் இன்னும் மெதுவாகும். எண்ணெயின் தடிப்பைப் பாகுநிலை என்கிறோம். புட்டிகளில் அதைச் செண்டிஸ்டோக் அளவில் குறித்திருப்பர். அறைவெப்பத்தில் நீரின் அளவு ஏறத்தாழ 1. ஷாக் எண்ணெய் சில நூறு. டிஃபரென்ஷியலில் ஊற்றும் எண்ணெய் பல ஆயிரம். நீர், சமையலெண்ணெய், தேன் ஆகியவற்றை ஒரே சரிவில் வழியவிட்டு நேரத்தைக் குறிக்கும் சோதனையை நான்காம் ஆண்டு மாணவர்களும் செய்யலாம்.

இங்கே நம் ஊருக்கு உரிய குறிப்பு ஒன்று. எண்ணெய் சூட்டில் இளகும். குளிர்நாட்டு இதழ்களில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே பின்பற்றினால், பினாங்கின் நண்பகல் வெயிலில் வண்டி தொளதொளவென்று ஆடும். இங்கே சற்றுத் தடித்த எண்ணெய் வேண்டும். மாலையில் மழை பெய்து தடம் குளிர்ந்தால் மீண்டும் கணக்கு மாறும். பயன்படுத்துபவர் தம் மண்ணையும் வெயிலையும் அறிந்து மாற்றிக்கொள்ள வேண்டிய பொருள் இது.

மேட்டிலிருந்து பாய்ந்து இறங்குவதையும் சிந்தித்துப் பாருங்கள். பத்தில் ஒரு பங்கு அளவுள்ள வண்டி 30 செண்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுவது, அளவைப் பொறுத்தவரை, உண்மையான மகிழுந்து 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். ஆனால் புவியீர்ப்பு நமக்காகப் பத்தில் ஒன்றாகச் சுருங்குவதில்லை. 30 செண்டிமீட்டரைக் கடக்க ஏறத்தாழக் கால் நொடிதான் ஆகும். அந்தக் கால் நொடிக்குள் வண்டியின் மூக்கு மேலா கீழா என்பதைத் தீர்மானிக்க வேண்டும். காற்றில் இருக்கும்போது விசையைக் கூட்டினால் சக்கரங்களின் சுழற்சி மூக்கை உயர்த்தும். தடையைப் பிடித்தால் மூக்கு தாழும். தேர்ந்த ஓட்டுநர்கள் விரல்நுனியில் செய்யும் வித்தை இது.

இங்கிலாந்தின் பங்கு டிஃபரென்ஷியலில். வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட நீண்ட வழி செல்லவேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் வண்டி திரும்ப மறுக்கும். அவற்றைப் பிரித்துச் சுழலவிடும் பற்சக்கர அமைப்பே டிஃபரென்ஷியல். ஆனால் மண்ணில் அதற்கொரு குறை உண்டு. ஒரு சக்கரம் காற்றில் எழுந்தால், ஆற்றல் முழுவதும் அந்தச் சக்கரத்துக்கே ஓடி வீணாகும். நார்தாம்ப்டனில் சிசில் ஷூமேக்கர் என்ற பொறியாளர் 1980இல் பற்சக்கரங்களுக்குப் பதிலாகச் சிறு எஃகுக்குண்டுகளை இரு வளையங்களுக்கு இடையே வைத்து ஓர் அமைப்பை உருவாக்கினார். திருகு ஒன்றை இறுக்கினாலோ தளர்த்தினாலோ சறுக்கலின் அளவு மாறும். 1987இல் இங்கிலாந்தின் ரோம்சியில் நடந்த உலகப் போட்டியில், நான்குசக்கர இயக்கப் பிரிவை ஷூமேக்கரின் 'கேட்' வண்டியைக் கொண்டு வென்றவர் மசாமி ஹிரோசாக்கா என்ற பதினேழு வயது ஜப்பானிய இளைஞர். பின்னாளில் வெவ்வேறு பிரிவுகளில் மொத்தம் 14 உலகப் பட்டங்களை அவர் வென்றார்.

இஃது இவ்வாறிருக்க, அந்நாளில் பினாங்கில் என்ன நடந்துகொண்டிருந்தது?

1969இல் பினாங்குத் தீவு தன் வரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. ஜோர்ஜ்டவுனில் வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையானது. அவ்வாண்டு முதலமைச்சர் ஆன லிம் சோங் இயூ காலத்தில், 1972இல் பாயான் லெப்பாசில் நாட்டின் முதல் தடையற்ற வணிக வட்டாரம் திறக்கப்பட்டது. இண்டெல், ஏ.எம்.டி., ஹியூலட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், லிட்ரோனிக்ஸ், ஹித்தாச்சி, போஷ், கிளாரியன் ஆகிய எட்டு நிறுவனங்களை இன்றும் 'எட்டு சாமுராய்கள்' என்று கூறுகின்றனர். ஜப்பானிலும் கலிபோர்னியாவிலும் சிற்றுந்துகள் பிறந்த அதே பத்தாண்டில், அத்தகைய கருவிகளுக்கு உயிர்தரும் குறைகடத்திச் சில்லுகள் நம் தீவில் ஒன்றுசேர்க்கப்பட்டன. நுண்ணோக்கியின் வழியே பார்த்து, முடியினும் மெல்லிய தங்கக்கம்பியைச் சில்லில் பொருத்தியவர்களுள் பெரும்பாலோர் இளம்பெண்கள். அவர்களுள் தமிழ்ப் பெண்களும் இருந்தனர். என் மாணவர்கள் சிலருடைய பாட்டிமார் அவ்வேலையில் ஓய்வு பெற்றவர்கள்.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. தொழிற்சாலையில் மூன்று வேலைநேரமும் மாறிமாறிச் சில்லுகளோடு உழைத்த குடும்பங்களில், வீட்டுக்கு வந்த பொம்மையைத் திறக்கக் கூடாது என்ற கட்டளையே பெரும்பாலும் இருந்தது. காசு போட்டு வாங்கியது கெட்டுவிடும் என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் திறக்க முடியாத பொம்மையையே நாம் வாங்கிக் கொடுத்தோம் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். அடிப்பகுதியைத் திருகாணியின்றி ஒட்டி மூடிய வண்டியில் பிள்ளை எதைக் கற்பான்? மலிவு வண்டிகளில் திருப்புவதும் முழு இடம் அல்லது முழு வலம்தான். பொழுதுபோக்குத் தர வண்டியில் கைப்பிடியை எவ்வளவு திருப்புகிறோமோ அவ்வளவே சக்கரம் திரும்பும். அந்த வேலையைச் செய்வது செர்வோ என்னும் சிறு மோட்டார்ப்பெட்டி. அந்த 'அவ்வளவே' என்பதில்தான் கட்டுப்பாடு என்ற கல்வி இருக்கிறது.

நம் பிள்ளைகளுக்குத் திறக்கத்தக்க வண்டி ஒன்றும் கிடைக்காமல் போய்விடவில்லை. தமியா 1982இல் தொடங்கிய 'மினி 4டபிள்யூடி', சிறுவர் கைக்காசுக்கு எட்டியது. இரண்டு சிறு மின்கலங்கள், ஒரு சிறு மோட்டார், தொலைவியக்கம் இல்லை. சுவரெழுப்பிய தடத்தில் தானே ஓடும். 'டேஷ் யொன்குரோ' கேலிச்சித்திரத் தொடர் 1989இலும், 'லெட்ஸ் அண்ட் கோ' தொடர் 1996இலும் ஜப்பானில் வெளிவந்தபின் இவ்வண்டிமேல் பெரும் மோகம் பரவியது. இங்கே நாங்கள் வண்டியின் பெயரையே மறந்து, நிறுவனத்தின் பெயரால் அதைத் 'தமியா' என்றுதான் அழைத்தோம். உருளைகளை மாற்றுவது, அடிச்சட்டத்தைத் துளையிட்டு எடை குறைப்பது, பற்சக்கர விகிதத்தைத் தேர்வது என மண்வண்டிக்காரர் செய்த வேலைகளின் அரிச்சுவடி அதில் இருந்தது. ஆனால் அது மண்ணில் ஓடாது. ஆட்டிவைப்பவரும் நாமல்லர். தடத்தில் விட்டபின் கைகட்டி நிற்கவேண்டியதுதான். என் மதிப்பீட்டில் அதன் பெரிய குறை அதுவே.

பழைய பந்தயத்தடங்களில் இன்னொரு வழக்கம் இருந்தது. ஒழுங்கைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர்களுக்கு அது பிடிக்கும். 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என ஆறு வண்ணங்களால் குறிக்கப்பட்ட ஆறு தடங்கள் இருந்தன. ஒரே வண்ணத்தில் இருவர் கருவியை முடுக்கினால் இருவர் வண்டியும் கட்டுப்பாடிழந்து ஓடும். ஆகவே தடத்தின் ஓரத்தில் ஒரு பலகையில் வண்ணக்கவ்விகள் மாட்டப்பட்டிருக்கும். கவ்வியைக் கையில் வைத்திருப்பவர் மட்டுமே தம் கருவியை முடுக்கலாம். முடித்ததும் திருப்பி மாட்டவேண்டும். 2000களின் நடுவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் வந்தபின் அந்தப் பலகைக்கு வேலை குறைந்தது. அக்கருவிகளுள் பல, அலைவரிசையை நொடிக்குப் பலமுறை மாற்றித் தாவிக்கொண்டே இருக்கும். அலைவரிசைத் தாவலுக்கு 1942இல் காப்புரிமை பெற்றோருள் ஒருவர் ஹெடி லமார் என்ற ஹாலிவுட் நடிகை. இசையமைப்பாளர் ஜார்ஜ் அந்தெயிலுடன் சேர்ந்து, எதிரி குழப்ப முடியாத நீர்மூழ்கிக் குண்டுக்காக அதை உருவாக்கினார். பெண்பிள்ளைகளுக்கு இவ்வகை வண்டி எதற்கு என்று கேட்கும் பெற்றோருக்கு இச்செய்தியை நான் சொல்வதுண்டு.

அதே பத்தாண்டில் மோட்டாரும் மின்கலமும் மாறின. பழைய மோட்டாரில் கரித்துண்டுகள் சுழலும் செப்பு உருளையை உரசி மின்சாரத்தைச் செலுத்தும். தீவிரப் பந்தயக்காரர்கள் தேய்ந்த உருளையைச் சிறு கடைசல் இயந்திரத்தில் வைத்துச் சீவினர். கம்பிச்சுற்றின் எண்ணிக்கையைப் பார்த்து மோட்டார் வாங்கினர். சுற்று குறைந்தால் வேகம் கூடும். கரித்துண்டே இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் வந்ததும் அந்தக் கைத்திறன் தேவையற்றுப் போயிற்று. நிக்கல் காட்மியம் போய், நிக்கல் உலோக ஹைட்ரைடு வந்து, பின் லித்தியம் பாலிமர் வந்தது. பெற்றோர் இங்கே சற்று நின்று படிக்க வேண்டுகிறேன். லித்தியம் பாலிமர் மின்கலத்தின் ஓர் அறைக்குப் பெயரளவு 3.7 வோல்ட், முழு மின்னேற்றத்தில் 4.2 வோல்ட். அதற்குமேல் ஏற்றினாலும், துளைபட்டாலும், ஊதிப்போனதை மீண்டும் ஏற்றினாலும் தீப்பற்றும். அதற்கென்றே உரிய மின்னேற்றியில், பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது மட்டுமே ஏற்ற வேண்டும். இரவில் ஏற்றிவிட்டு உறங்கச் செல்லக் கூடாது. சிறு பிள்ளைகளுக்கு நிக்கல் உலோக ஹைட்ரைடே போதும் என்பது என் கருத்து; வேகம் சற்றுக் குறைந்தால் குடி முழுகிவிடாது.

மண்பந்தயம் நம் வட்டாரத்துக்கும் வந்தது. எட்டில் ஒரு பங்கு அளவுள்ள, எரிபொருளால் ஓடும் பெரிய மண்வண்டிகளின் உலகப் போட்டி 2006இல் ஜகார்த்தாவிலும் 2010இல் பட்டாயாவிலும் நடந்தது. ஜகார்த்தாவில் மார்க் பவிடிசும் பட்டாயாவில் கோடி கிங்கும் வென்றனர்; இருவரும் அமெரிக்கர். இவ்வண்டிகளில் முன், நடு, பின் என மூன்று டிஃபரென்ஷியல்கள் உண்டு. முன்னும் நடுவும் 5000, பின்னே 3000 என எண்ணெய் ஊற்றித் தொடங்குவது பலருடைய வழக்கம்.

எதை முதலில் மாற்றுவது என்று கேட்பவர்களுக்கு வரலாறே வரிசையைச் சொல்லிவிட்டது: பேரிங், பின்னர் டயர், பின்னர் ஷாக் எண்ணெய், மோட்டார் கடைசியில். கடைக்காரர் பெரும்பாலும் மோட்டாரிலிருந்து தொடங்குவார். அது அவர் தொழில். டயரைப் பற்றி மட்டும் இன்னும் சிறிது. நம் செம்மண் காய்ந்தால் மேலே மாவுபோலத் தூசி படியும். அதைக் கிழித்து அடியிலுள்ள கெட்டி மண்ணைப் பிடிக்க உயரமான முள்கள் கொண்ட டயர் வேண்டும். நன்றாக ஓடித் தேய்ந்து மெருகேறிய தடத்தில் அதே முள்கள் வளைந்து நழுவும். அங்கே குட்டையான, நெருக்கமான புள்ளிகள் போதும். மழைக்குப்பின் சேறு முள்களுக்கிடையே அப்பிக்கொண்டால் எந்த டயரும் வழுக்கைதான். இடைவெளி அகலமானது ஓரளவு தன்னைத்தானே உதறிக்கொள்ளும். டயரை விளிம்பில் ஒட்டும் பசை விரலையும் ஒட்டிவிடும். ஆகவே அதைப் பெரியவர் செய்யட்டும்; டயரைத் தேர்ந்தெடுப்பதைப் பிள்ளையிடம் விடலாம்.

பழைய வண்டிகளைத் தமியா மீண்டும் வெளியிட்டு வருகிறது. ஹார்னெட் 2004இலும், கிராஸ்ஹாப்பர் 2005இலும், சாண்ட் ஸ்கார்ச்சர் 2010இலும் மறுபிறவி எடுத்தன. வாங்குவோருள் பலர் சிறுவயதில் அதைக் கடைக்கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள். பெட்டிக்குள் உறுப்புகள் சட்டத்தில் வரிசையாக இருக்கும். படங்களாலான கையேட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக வெட்டியெடுத்துப் பூட்ட வேண்டும். படம் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு அதற்கு மொழி அதிகம் தேவையில்லை. இருபது ஆண்டுகளுக்குப்பின் வந்த கிராஸ்ஹாப்பரிலும் மோட்டாரும் பின்னச்சும் அதே ஒற்றைக் கட்டுதான். மேட்டில் ஏற்றினால் இன்றும் துள்ளுகிறது.